கனிவான கவனத்திற்கு: மேற்குப் புறநகரில் மனிதரும் இயந்திரமும் பேசிய மரியாதை

சென்னையின் மேற்குப் புறநகரில் மனிதர் இயந்திரத்தோடு வாழத் தொடங்கியது அண்மைக்காலச் செய்தியன்று. 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவப்பட்டது, 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கப்பெற்று, 1965-இல் அங்கிருந்து விஜயந்தா டாங்கி வெளிவந்தது, 1960-களின் நடுப்பகுதியில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை, லேத்தும் மில்லிங் இயந்திரமும் பவர் பிரஸ்ஸும் ஓடும் நூற்றுக்கணக்கான பட்டறைகளை ஓரிடத்தில் சேர்த்தது. ஆவடிக்கு வடக்கே, வில்லிவாக்கம் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த வெள்ளானூர் இத்தொழிற்சாலைகளின் விளிம்பில் வேளாண் கிராமமாகவே நெடுங்காலம் இருந்து, 1997-இல் வேல்டெக் பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்ட பின் இயந்திரங்களைப் படிக்க வருவோரின் ஊராகவும் ஆயிற்று. இந்த வட்டாரத்தில் மனிதர் இயந்திரத்துக்குக் காட்டிய மரியாதைக்கும், பின்னாளில் இயந்திரம் மனிதருக்குக் காட்டத் தொடங்கிய மரியாதைக்கும் தொடர்ச்சியான ஒரு வரலாறு உண்டு. பேசும் ரோபோக்கள் பெருகிவரும் இக்காலத்தில் அவ்வரலாற்றை எடுத்துச் சொல்வது, அவற்றுக்குத் தமிழில் பேச்சு எழுதப்போகிறவர்களுக்குப் பயன்படும்.

உயிரற்ற பொருளோடு பேசுவது தமிழ் மரபுக்குப் புதிதன்று என்பதை முதலில் குறிப்பிட வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், அஃறிணைப் பொருள்கள் கேட்பன போலவும் பேசுவன போலவும் இயங்குவன போலவும் செயல் புரிவன போலவும் சொல்லப்படுவதுண்டு என்று ஒரு தனி நூற்பாவே வகுத்திருக்கிறது. அஃறிணை என்பது மக்களும் தேவரும் நரகரும் அல்லாத எல்லாவற்றையும் குறிக்கும் இலக்கண வகை. அவ்வகைக்குள் அடங்குவதைக் கேட்கும் செவியும் பேசும் வாயும் உடையதாகக் கொள்வதை இலக்கணம் பிழையாகக் கருதவில்லை, வழக்காக ஏற்றது. தூது என்னும் சிற்றிலக்கிய வகை இந்த இசைவின் மேல் எழுந்ததாகும். கிளியையோ மேகத்தையோ நெஞ்சையோ தூதாக அனுப்பும் புலவர், எடுத்த எடுப்பில் ஏவிவிடுவதில்லை. அதன் குலம், நிறம், ஆற்றல், பெருமை ஆகியவற்றை நெடுகப் புகழ்ந்து, அதன் பிறகே தம் வேண்டுகோளைச் சொல்வார். தமிழ்விடு தூது தமிழ் மொழியையே தூது அனுப்புவதாக அமைந்தது. அந்நூலின் பெரும்பகுதி தூது செல்லும் தமிழின் சிறப்பைச் சொல்வதிலேயே செலவாகிறது. பணி இடுவதற்கு முன் பணி செய்வதன் பெருமையை ஒப்புக்கொள்ளும் இந்த ஒழுங்கு, மனிதரல்லாத ஒன்றிடம் தமிழர் கடைப்பிடித்த பேச்சு மரியாதையின் பழைய வடிவம் எனலாம்.

ஆனால் பழைய இலக்கியத்தின் பொறிகள், அதாவது மனிதர் கையால் செய்த இயந்திரங்கள், பேசவில்லை. சீவக சிந்தாமணியில் கருவுற்ற விசயை ஏறிச் செல்லும் மயிற்பொறி, கையால் திருகப்படுவதற்கேற்ப எழுந்தும் இறங்கியும் பறப்பது. பெருங்கதையில் உதயணனைச் சிறைப்பிடிக்கப் பயன்பட்ட பொறி யானை, தன் வயிற்றுக்குள் வீரரை ஒளித்துவைத்த ஏமாற்று. பறவையோடும் முகிலோடும் மரியாதையாகப் பேசிய மரபு, பொறியைத் திருகி இயக்குவதோடு நிறுத்திக்கொண்டது.

தொழிற்பேட்டையின் காலத்தில் இந்நிலை சற்று மாறியது. பொறிக்கு மரியாதை வந்தது, ஆயினும் அது சொல்லில்லாத மரியாதை. நவராத்திரியின் ஒன்பதாம் நாளான ஆயுத பூசையன்று அம்பத்தூர், ஆவடிப் பட்டறைகளில் இயந்திரங்கள் நிறுத்தப்படுகின்றன. அதற்கு முன்பே லேத்தின் படுக்கைப் பகுதியில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கும் இரும்புச் சீவலும் துடைக்கப்பட்டு, தலைப்பகுதியில் விபூதிப் பட்டை இட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்து, பூச்சரம் சாத்தி, பொரி கடலையும் சுண்டலும் படைத்து, வாசலில் பூசணிக்காய் உடைக்கிறார்கள். ஆண்டு முழுவதும் ஓடிய லேத் அன்று ஓடாமல் நிற்கிறது. கருவிகளை வைத்துப் பூசிக்கும் வழக்கம் ஏருக்கும் வாளுக்கும் தறிக்கும் உரியதாக முன்பே இருந்ததுதான். ஆலைத் தொழிலாளர் அதனை மின்மோட்டாருக்கும் விரித்ததில் கவனிக்கத் தக்கது, அன்றைய ஓய்வாகும். பூசை செய்யப்பட்ட கருவியை அன்றே எடுத்து வேலை வாங்குவது தகாது என்ற கட்டுப்பாடு, உழைப்பதற்கும் ஓய்வு உண்டு என்ற எண்ணத்தை உள்ளடக்கியது. சாதியும் சமயமும் கடந்து பட்டறையின் எல்லாத் தொழிலாளரும் கூடி நின்று செய்யும் சடங்காக அது நிலைத்ததும், பிற சடங்குகளிலிருந்து அதனைப் பிரித்துக் காட்டுகிறது. இயந்திரம் பேசாத காலத்தில், அதற்கு மரியாதை செய்யும் முறையைத் தமிழ்த் தொழிலாளி தன் போக்கில் கண்டுபிடித்திருந்தார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அடுத்த மாற்றம் இரயில் நிலையத்தில் நிகழ்ந்தது. ஆவடி, அம்பத்தூர் வழியாகச் செல்லும் அரக்கோணம் தடம், 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதையின் வழியாகும். அந்நிலையங்களில் ஊழியர் ஒலிபெருக்கியில் வாசித்துவந்த அறிவிப்புகள் பின்னர்க் கணினிக்கு மாறின. ஒருவர் குரலில் முன்கூட்டியே பதிவுசெய்யப்பட்ட துண்டுகளை, அதாவது வண்டி எண்ணின் ஒவ்வோர் இலக்கத்தையும் ஊர்ப் பெயரையும் நடைமேடை எண்ணையும், தேவைக்கேற்பக் கோத்து ஒரே வாக்கியமாக ஒலிக்கச் செய்வதே அதன் செயல்முறை. பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று தொடங்கும் அந்த அறிவிப்பு, மேற்குப் புறநகர் மக்கள் நாள்தோறும் கேட்ட முதல் இயந்திர மரியாதையாக அமைந்தது எனக் கருத இடமுண்டு. வண்டி தாமதமானால் அதே குரல் வருத்தமும் தெரிவித்தது.

இதனை வெறும் சம்பிரதாயம் என்று தள்ளிவிடுவது பிழையாகும். அந்தக் குரல் வரும்வரை, பொது இடத்தில் ஒருவரை மற்றொருவர் எப்படி விளிப்பது என்பது பார்வையால் முடிவு செய்யப்பட்டது. உடுத்திய வேட்டியின் வெண்மை, காலின் செருப்பு, தலைச்சுமை, நிறம், வந்த ஊர் ஆகியவற்றைக் கண்ணால் அளந்த பிறகே, எதிரில் நிற்பவருக்கு வாங்க என்பதா, வா என்பதா என்று வாய் தீர்மானித்தது. அலுவலக வாயிற்காவலரின் பேச்சிலும் பேருந்தில் உள்ளே தள்ளிப் போகச் சொல்லும் குரலிலும் இந்த அளவை இன்றும் கேட்கலாம். ஒலிபெருக்கிக்குக் கண் இல்லை. ஆவடி நடைமேடையில் நின்ற தொழிற்சாலை அதிகாரிக்கும், கீரைக்கட்டோடு நின்ற பெண்ணுக்கும், வெள்ளானூரிலிருந்து கல்லூரிக்கோ கட்டட வேலைக்கோ புறப்பட்டவருக்கும் அது ஒரே கனிவைத்தான் வழங்கியது. 1967-இல் அண்ணாதுரை தலைமையிலான அரசு ஸ்ரீ, ஸ்ரீமதி ஆகியவற்றுக்கு மாற்றாகத் திரு, திருமதி என்பவற்றை அரசு வழக்கில் கொண்டுவந்தது, விளிப்பைத் தமிழாக்கிய ஒரு நடவடிக்கை. சுயமரியாதை இயக்கத்தவரும் பொதுவுடைமையரும் தோழர் என்று அழைத்துக்கொண்டது, அதனைச் சமமாக்கிய முயற்சி. இவ்விரண்டும் மனிதர் முனைந்து செய்தவை. நடைமேடைக் குரல் எந்தக் கொள்கையும் அறியாமலே எல்லாரையும் ஒரே தட்டில் வைத்தது. தமிழ்ச் சமூகத்தின் மரியாதை வரலாற்றில் அதற்குரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

அந்த இடத்தை உணர்த்த, சென்னையிலிருந்து விலகிக் கொங்கு நாட்டுக்குச் செல்ல வேண்டும். மனிதரும் ரோபோவும் பேசும் பேச்சில் மரியாதை எப்படி அமைய வேண்டும் என்று ஆராயும் உலக ஆய்வுகளில் மிகுதியும் எடுத்தாளப்படுவது, மொழி ஆய்வாளர்களான பெனிலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் 1978-இல் வெளியிட்டு, 1987-இல் தனி நூலாக மறுபதிப்புச் செய்த மரியாதைக் கோட்பாடு. அது மூன்று மொழிகளின் பேச்சைச் சான்றாகக் கொண்டு கட்டப்பட்டது: ஒன்று ஆங்கிலம், மற்றொன்று மெக்சிகோவின் மலைநாட்டு மாயா மக்கள் பேசும் செல்தால், மூன்றாவது கோயம்புத்தூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் லெவின்சன் கேட்டுப் பதிவுசெய்த தமிழ். அவருடைய 1977-ஆம் ஆண்டு பெர்க்லி முனைவர்ப் பட்ட ஆய்வேடும் ஒரு தமிழ்ச் சிற்றூரின் விளிப்பு முறைகளைப் பற்றியதே. இன்று உலகின் எந்த ஆய்வுக்கூடத்தில் இக்கோட்பாட்டைக் கொண்டு ரோபோவுக்கு மரியாதை கற்பித்தாலும், அதன் அடித்தளத்திலுள்ள மூன்று மொழிகளுள் ஒன்றாகக் கொங்கு நாட்டுத் தமிழ் இருக்கிறது என்பது தமிழர் பரவலாக அறிய வேண்டிய செய்தி.

அக்கோட்பாட்டின் மையச் சொல் முகம். சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1955-இல் எழுதிய கட்டுரை ஒன்றிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட இக்கருத்து, ஒவ்வொருவரும் பிறர் முன் காத்துக்கொள்ள விரும்பும் மதிப்பைக் குறிக்கும். முகதாட்சண்யம் பார்க்கிறவர்களும், முகத்தில் அடித்தாற்போல் பேசாதே என்று பிள்ளைகளைக் கண்டிக்கிறவர்களுமான தமிழருக்கு இதனை விளக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முகத்துக்கு இரண்டு தேவைகள் உண்டு என்று கோட்பாடு கூறும்: பிறர் தம்மை விரும்பிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஒன்று, தம்மைத் தொந்தரவு செய்யாமல் விட வேண்டும் என்பது மற்றொன்று. முன்னதை நிறைவு செய்யும் பேச்சை உறவாடும் மரியாதை என்றும், பின்னதைக் காக்கும் பேச்சை ஒதுங்கி நிற்கும் மரியாதை என்றும் தமிழில் சொல்லலாம். ஒருவரிடம் ஒன்றைக் கேட்கும்போது எவ்வளவு மரியாதை வேண்டும் என்பதை, இருவருக்கும் இடையிலான நெருக்கம், அதிகார வேறுபாடு, கேட்கப்படும் காரியத்தின் பளு ஆகிய மூன்றும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

லெவின்சன் கண்ட சிற்றூரில் இம்மூன்றில் அதிகாரம் என்பது சாதியாக இருந்தது. மேல்நிலையில் வைக்கப்பட்ட சாதியினர் தாழ்த்தப்பட்ட சாதியினரை, அவர் எவ்வளவு முதியவரானாலும், ஒருமையில் விளித்தனர். மறுமொழி பன்மையிலும் சாமி போன்ற உயர்வு விளிகளிலும் வந்தது. 1982-இல் வெளிவந்த மற்றொரு கட்டுரையில், மேற்குத் தமிழகத்தில் யார் யாருக்கு எந்த விளிப்பைத் தருகிறார், எதைப் பெறுகிறார் என்பதைக் கொண்டே சாதிப் படிநிலையை வரைந்து காட்டலாம் என்று அவர் நிறுவினார். மரியாதை என்று பொதுவாகச் சொல்லப்படுவது பல ஊர்களில் ஒரு திசையில் மட்டும் ஓடியது என்பதே இதன் பொருள். கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் மற்றொருவர். இருவரும் இடம் மாறுவதில்லை. இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கும்போதுதான், ஆவடி நிலையத்தின் ஒலிபெருக்கி எத்தகைய மாறுதல் என்பது விளங்கும். ரோபோவைப் பற்றிய கவலையும் இங்கேதான் தொடங்குகிறது.

ரோபோ என்ற பெயரே கட்டாய உழைப்பிலிருந்து வந்தது. செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாபெக் 1920-இல் எழுதி, அடுத்த ஆண்டு பிராகாவில் அரங்கேறிய ஆர்.யு.ஆர். நாடகத்தில் செயற்கைத் தொழிலாளருக்கு இடப்பட்ட அப்பெயரின் மூலச்சொல், பண்ணையாருக்குக் குடியானவர் செய்ய வேண்டியிருந்த கூலியில்லா வேலையைக் குறித்தது. சோழர் கல்வெட்டுகள் வெட்டி என்று சொல்வதும் அதனை ஒத்ததே. அந்நாடகத்தின் தொடக்கமே மரியாதைக் குழப்பமாக அமைந்திருக்கிறது: தொழிற்சாலைக்கு வரும் ஹெலனா, சுல்லா என்னும் பெண் ரோபோவை மனிதப் பெண் என்றே கருதி நடத்துகிறாள், பிறகு வரும் நிறுவன அதிகாரிகளை ரோபோக்கள் என்று எண்ணிவிடுகிறாள். யாருக்கு எந்த மரியாதை என்ற கேள்வி, ரோபோ என்ற கற்பனையோடு கூடவே பிறந்தது.

பேசும் கணினி உண்மையில் வந்தபோது, மனிதர் அதற்கு மரியாதை காட்டுவர் என்பது சோதனையாலும் தெரிந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் 1966-இல் அறிமுகப்படுத்திய எலைசா, தட்டச்சு செய்யப்படும் சொற்றொடர்களைத் திருப்பிக் கேள்வியாக்கும் எளிய நிரல். அது வேலை செய்யும் முறையை அறிந்திருந்த அவருடைய செயலாளரே, அதனோடு உரையாடும்போது அவரை அறையை விட்டு வெளியே போகச் சொன்னதாக அவர் பதிவு செய்திருக்கிறார். ஸ்டான்ஃபோர்டில் கிளிஃபர்ட் நாஸும் உடன் ஆய்வாளரும் 1990-களில் நடத்திய சோதனை மேலும் கூர்மையானது. ஒரு கணினியோடு வேலை செய்தவர்களிடம், அது எப்படிச் செயல்பட்டது என்ற மதிப்பீட்டை அதே கணினி கேட்டபோது அவர்கள் தாராளமாகப் புகழ்ந்தனர். வேறொரு கணினியோ தாளோ கேட்டபோது குறை சொல்லத் தயங்கவில்லை. கணினிக்கு மனம் நோகும் என்று அவர்களில் எவரும் நம்பவில்லை. ஆயினும் முகத்துக்கு நேரே குறை சொல்லக் கூடாது என்ற பழக்கம், முகமே இல்லாத திரையின் முன்னும் வேலை செய்தது.

தமிழ் வாசகருக்குப் பேசும் இயந்திரத்தைப் பழக்கியவர் எழுத்தாளர் சுஜாதா. 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த என் இனிய இயந்திராவின் ஜீனோ, புத்தகம் வாசித்து வாதம் செய்யும் இயந்திர நாய். அவர் மறைந்தபின் 2010-இல் வெளிவந்த எந்திரன் திரைப்படம், அறிவு இருந்தும் உணர்வறியாத சிட்டி என்னும் ரோபோவை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. திரைக்கு வெளியே, கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கி 2016 நவம்பரில் சென்னையில் லட்சுமி என்ற ரோபோவை அறிமுகப்படுத்தியது. வாடிக்கையாளரின் பொதுக் கேள்விகளுக்கு வாய்விட்டுப் பதில் சொன்ன லட்சுமி, கணக்கு இருப்பு போன்ற அந்தரங்கச் செய்திகளை உரக்கச் சொல்லாமல் திரையில் மட்டும் காட்டும்படி அமைக்கப்பட்டிருந்தது. அடுத்தவர் காதில் விழும்படி ஒருவரின் பணத்தைப் பேசாதிருப்பது, எந்தப் பணிவுச் சொல்லையும்விட மேலான மரியாதை. அதனை வடிவமைத்தவர்கள் நுட்பம் அறிந்தவர்கள்.

2017-இன் இறுதியில் பழைய மகாபலிபுரம் சாலையில் ரோபோக்கள் பரிமாறும் உணவகம் ஒன்று திறக்கப்பட்டு, 2019-இல் அதன் கிளை மேற்குப் புறநகரின் போரூர், முகலிவாக்கம் பகுதிக்கு வந்தது. அங்கிருந்த ரோபோக்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் பேசக்கூடியவையாக அறிமுகம் செய்யப்பட்டன. தமிழ்ப் பேச்சு மரியாதை ரோபோவிடம் சந்திக்கும் கடினம் முழுவதும் பந்தியில்தான் வெளிப்படுகிறது என்பதால், இதனை நிதானமாகப் பார்ப்பது தகும்.

பரிமாறுபவர் செய்ய வேண்டிய முதற்காரியம் வழி கேட்பது. பிறரை நகரச் சொல்வது அவர் உரிமையில் தலையிடுவதாகையால், பரிமாறும் ரோபோக்களுக்கு இவ்விடத்தில் தயவுசெய்து என்ற சொல்லோடு கூடிய வேண்டுகோள் எழுதப்படுகிறது. கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு வருபவர் அப்படிச் சொல்வதில்லை. அவர் சூடு, சூடு என்பார். நகர வேண்டிய காரணத்தை மட்டும் சொல்லி, நகர்வதைக் கேட்பவரின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறார். குறிப்பால் உணர்த்துவதைப் பிரவுனும் லெவின்சனும் முகத்தை மிகுதியாகக் காக்கும் வழிகளுள் ஒன்றாகக் கணக்கிட்டனர். தயவுசெய்து என்பது பேச்சுத் தமிழில் அருகியே வரும் சொல். அறிவிப்புப் பலகைக்கும் ஒலிபெருக்கிக்கும் உரிய அதனை நேர்ப்பேச்சில் கேட்கும்போது, மரியாதைக்கு மாறாக ஓர் அலுவலகக் கடுமை தொனிப்பதும் உண்டு. பேச்சில் மரியாதையைச் சுமப்பவை வினையின் இறுதியில் வரும் பன்மை ஈறும், கொஞ்சம் என்ற குறைப்பும், தருவீங்களா என்பது போன்ற வினாவும், எல்லாவற்றுக்கும் மேலாக அண்ணா, அக்கா, தம்பி, ஐயா, அம்மா என்னும் முறைப்பெயர்களுமே ஆகும்.

இரண்டாவது காரியம் உபசரிப்பது. இங்கே வேறுபாடு இன்னும் பெரிது. திருக்குறள் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமும் அதையடுத்து இனிய சொல்லுக்கு ஓர் அதிகாரமும் ஒதுக்கி, விருந்தினர் முகம் எவ்வளவு மென்மையானது என்று எச்சரிக்கிறது. தமிழ்ப் பந்தியில் அந்த மென்மையைக் காக்கும் முறை வற்புறுத்துவது. போதும் என்று இலையின் மேல் கை மறைத்தவரிடம், ஒரு கரண்டி மட்டும் என்றும், வெட்கப்படாமல் சாப்பிடுங்கள் என்றும், நீங்கள் சாப்பிட்டதே தெரியவில்லையே என்றும் பரிமாறுபவர் மேலும் சொல்வார். முதல் மறுப்பை மெய்யான மறுப்பாகக் கொண்டு அகன்றுவிட்டால், கவனிப்பில்லாத வீடு என்ற பெயர் வரும். இரண்டாம் மறுப்புக்கும் மூன்றாம் மறுப்புக்கும் இடையில் குரலும் கையும் முகமும் சேர்ந்து, உண்மையில் வயிறு நிறைந்ததா, கூச்சமா என்பதைச் சொல்லிவிடுகின்றன. ரோபோ ஒருமுறை கேட்டு, கிடைத்த விடையை ஏற்று, திரும்பிச் செல்கிறது. ஒதுங்கி நிற்கும் மரியாதையில் அது குறைவற்றது. உறவாடும் மரியாதை அதனிடம் இல்லை. முறைப்பெயர் சொல்வதற்கு எதிரில் இருப்பவரின் வயதையும் நிலையையும் மதிப்பிட வேண்டும். தவறான மதிப்பீடு, நடுவயதுப் பெண்ணைப் பாட்டி என்று அழைத்ததாக முடியும். எனவே இயந்திரம் நீங்கள் என்பதோடு நின்றுகொள்வது அடக்கமான முடிவே. கண் இல்லாத ஒலிபெருக்கி தந்த சமத்துவத்தை, கேமராக் கண் பெற்ற ரோபோ உடையையும் நிறத்தையும் பார்த்து விளிக்கத் தொடங்கி இழந்துவிடக் கூடாது.

பேசவே பேசாத ரோபோக்களும் இவ்வட்டாரத்தில் உண்டு. 1976-இல் ஆவடியில் நிறுவப்பட்ட போர் ஊர்தி ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம், ஆளில்லாமல் தொலைவிலிருந்து இயக்கப்படும் முந்த்ரா என்னும் சங்கிலிச்சக்கர ஊர்தியை, கண்காணிப்பு, கண்ணிவெடி தேடல், கதிரியக்கப் பகுதி ஆய்வு ஆகிய மூன்று பணிகளுக்கான மூன்று வடிவங்களில் 2017-இல் வெளிக்கொணர்ந்தது. அதற்குக் கட்டளை மட்டுமே போதும். ஆபத்து நேரத்தில் பூச்சில்லாத நேர்ச்சொல்லே தகும் என்பதை மரியாதைக் கோட்பாடும் ஒப்புக்கொள்கிறது. அண்டை மாநிலமான கேரளத்தில் 2019 பிப்ரவரியில் காவல்துறைத் தலைமையகத்துக்கு வந்த கே.பி.பாட் ரோபோ, முதலமைச்சர் பினராயி விஜயனுக்கு சல்யூட் வைத்ததும் அவர் பதில் சல்யூட் வைத்ததும் செய்தியாயின. பெற்ற வணக்கத்தைத் திருப்பிக் கொடுக்கும் அந்த வழக்கத்தை, இரு திசையிலும் ஓடும் மரியாதைக்கு நல்ல எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

மனிதர் இயந்திரத்திடம் பேசும் முறையோ பெரும்பாலும் ஏவலாகவே இருக்கிறது. வீட்டில் குரல்வழிக் கருவியை அதட்டிப் பழகும் குழந்தைகள் மனிதரிடமும் அவ்வாறே பேசுவர் என்று பெற்றோர் அஞ்சியதால், 2018-இல் அமேசானும் கூகுளும், பணிவுச் சொல் சேர்த்துக் கேட்கும் குழந்தையைப் பாராட்டும் வசதியைத் தத்தம் கருவிகளில் சேர்த்தன. ஒரு தனிச் சொல்லைத் தேடும் அம்முறை, மரியாதையை வினையின் ஈற்றில் வைத்திருக்கும் தமிழுக்கு அப்படியே பொருந்தாது. பாட்டு போடு என்பதற்கும் பாட்டு போடுங்க என்பதற்கும் உள்ள இடைவெளியே தமிழ்க் குழந்தை கற்க வேண்டியது. பெண்மையின் பங்கும் இதில் உண்டு. லட்சுமி என்ற பெயரும், 2020-இல் இஸ்ரோ காட்டிய வியோமித்ரா ரோபோவின் பெண்ணுருவும், எண்ணற்ற வாடிக்கையாளர் சேவைக் குரல்களும், பணிந்து பேசுவது பெண் என்ற பழைய பாகுபாட்டை இயந்திரத்தில் மறுபதிப்புச் செய்கின்றன. வசையைக்கூடக் குழைவோடு வாங்கிக்கொள்ளும் பெண்குரல் உதவியாளர்களைப் பற்றி யுனெஸ்கோ 2019-இல் வெளியிட்ட அறிக்கை இதனையே கண்டித்தது.

ஒருமையில் ஏவுபவர் ஒருவர், பன்மையில் பணிபவர் மற்றொருவர் என்ற அமைப்பைத் தமிழ்நாடு நன்கறியும். சிற்றூர்த் தெருக்களில் அதனை அகற்ற நூறு ஆண்டுகளாகப் போராடி, இன்னும் முழுதாக அகற்றி முடியாத சமூகம், அதே அமைப்பை ஒரு புதிய பணியாளிடம் தொடங்கிவைப்பது நல்லதன்று. இயந்திரம் நோகாது என்பது உண்மை. ஆனால் நாள் முழுதும் அதட்டிப் பழகிய நாக்கு, மாலையில் துப்புரவுப் பணியாளரிடமும் அதே ஒருமையைத்தான் எடுக்கும். ஏவலாளாக அல்லாமல் தூதாக ரோபோவைக் கருதும் வழி தமிழிலேயே இருக்கிறது: தூது பேசுவது அனுப்பியவரின் சொல்; நடைமேடைக் குரலின் வருத்தம் இரயில்வேயின் வருத்தமாக இருப்பது போல, ரோபோவின் பணிவும் அதனை நிறுத்திவைத்த நிறுவனத்தின் பணிவே. அது தவறினால் பதில் சொல்ல வேண்டியவர் அந்நிறுவனத்தார். அதனிடம் நயமாகப் பேசுகிறவர் அதன் பின்னாலுள்ள மனிதரிடம் நயமாகப் பேசுகிறார்.

இனி வரும் ஆண்டுகளில் மருத்துவமனையிலும் வங்கியிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் தமிழ் பேசப்போகும் இயந்திரங்களின் சொற்றொடர்களை எழுதுபவர்களில் பலர், வெள்ளானூர் போன்ற ஊர்களின் வகுப்பறைகளிலிருந்துதான் வருவார்கள். ஆங்கில வாக்கியங்களைத் தமிழாக்கி இயந்திரத்தின் வாயில் வைப்பதற்கு முன், ஒரு கல்யாணப் பந்தியில் பரிமாறுபவர் அருகிலும், ஓர் அரசு மருத்துவமனைப் புறநோயாளர் வரிசையிலும் அவர்கள் சில நாள் நின்று, யார் யாரிடம் எப்படிப் பேசுகிறார் என்று காதால் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். எழுதும் ஒவ்வொரு வரியிலும், எதிரில் வருபவர் யாராயினும், நீங்கள் என்றே எழுத வேண்டும்.